சொன்ன மணிக்குத் தண்ணீர்

ஏப்ரல் 17, 2023. திங்கள்

இன்று காலை பத்தரைக்குப் பொறியாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். ஆணையில் உள்ள சொல் "கூடுதல் பொறுப்பு". கருவேலங்கரை நகராட்சியின் பொறியாளர் வரதராஜுலுவுக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. மதுரையில் அறுவை சிகிச்சை. மே 31 அன்று அவர் திரும்பும்வரை உதவிப் பொறியாளனாகிய நான் அவருடைய வேலையையும் பார்க்க வேண்டும். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்திருப்பது நாற்பத்தைந்து நாள்.

ஆணையர் கைகுலுக்கினார். "வாழ்த்துகள் ஆவுடையப்பன். எல்லாம் அப்படியே போகட்டும். புதுசா எதுவும் வேண்டாம்." அவருக்கு வயது முப்பத்தொன்று. நான் வேலையில் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படித்திருப்பார்.

வரதராஜுலுவின் நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. என்னுடையதைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் ஒரு கை ஆடும். பரவாயில்லை.

ஏப்ரல் 18

செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டேன். இருபத்தேழு வந்தது. குடிநீர், தெருவிளக்கு, பேருந்து நிலையக் கூரை, மழைநீர் வாய்க்கால், அலுவலகத்தில் பழைய வரைபடங்களை ஒழுங்குபடுத்துவது என்று போகிறது. பெரிய தாளில் எழுதி நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். இருபத்தேழாவதை மட்டும் தாளில் எழுதவில்லை. அது வரதராஜுலு கோப்பு. அவர் தவறாகச் செய்தவையும் செய்யாமல் விட்டவையும் நாற்பத்தொன்று, தேதியோடு. இந்த ஊருக்கு நான் திரும்பி வந்த 2016இலிருந்து சேர்த்து வருகிறேன். மே 31க்கு முன் மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பில் இருக்கும்போது அனுப்பினால்தான் அதற்கு எடை.

இதைப் பொறாமை என்று யாரும் சொல்லலாம். நான் பொதுச் சுகாதாரப் பொறியியலில் எம்.ஈ., பல்கலைக்கழகத்தில் முதலிடம். அவர் டிப்ளமோ முடித்து, பகுதிநேரத்தில் பி.ஈ. வாங்கியவர். 2009 ஜூனில் வந்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. நான் எழுதிய முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை. இவ்வளவுதான் உண்மை.

ஏப்ரல் 19

வெயில். மின்விசிறி சரியில்லை. பட்டியலில் இருபத்தெட்டாகச் சேர்த்தேன்.

ஏப்ரல் 24. திங்கள்

முதல் ஆய்வுக்கூட்டம். குடிநீர்ப் பிரிவில் ஒன்பது பேர். எட்டுப் பேர் வால்வு திறந்து மூடுகிறவர்கள், ஒருவர் ஃபிட்டர் பேச்சிமுத்து. எட்டுப் பேருக்கும் மூத்தவர் ஞானதிரவியம். கையில் எப்போதும் வால்வுச் சாவி இருக்கும்; மேலே குறுக்குக் கம்பி வைத்த, இடுப்பு உயர இரும்புத்தடி. கூட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்து காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டார்.

தாளில் இருந்த இருபத்தேழையும் விளக்கினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். கடைசியில், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றேன். யாருக்கும் சந்தேகம் இல்லை. கழிப்பறைக்குப் போகும்போது படிக்கட்டில் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"அண்ணாச்சி, இவ்வளவுல நாம எதைச் செய்யணும்?"

"நீ எதைச் செய்தாலும் இருபத்தாறு செய்யலன்னு ஆவும்ல. அதனால வழக்கம்போலப் போ."

சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை நான் கீழே இறங்கவில்லை.

ஏப்ரல் 27

பொட்டல் காலனி மூன்றாம் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் மாடத்தி, பீடி சுற்றுகிறவர். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளில் புகையிலைக் கறை. மனு எதுவும் கொண்டுவரவில்லை.

"சார், எங்க தெருவுக்கு நல்ல தண்ணி எப்ப வரும்?"

எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் அறுபது கிலோமீட்டர் குழாயில் வருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நாளைக்கு ஒருமுறை. மூன்றாம் தெரு பொட்டல் காலனிக் கிளைக்குழாயின் கடைசி, அதுவும் மேடு. அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று தாளில் வரைந்து காட்டினேன். முடியும்வரை பொறுமையாகப் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு சார். எப்ப வரும்?"

"முறைப்படி ஞாயிற்றுக்கிழமை."

"நாள் தெரியும் சார். மணி. காலையில அஞ்சுக்கும் வந்திருக்கு, பதினொண்ணுக்கும் வந்திருக்கு, வராமலும் இருந்திருக்கு. அன்னைக்குப் பூரா நான் குழாய் முன்னாடி உக்காந்திருக்கேன். பீடிக் கடையில பத்து மணிக்குள்ள கட்டு எடுத்துக்கிடுவாங்க. பிந்திப் போனா திருப்பி விட்டுருவாங்க. இன்னும் மூணு தடவ தவறினா கார்டைக் கிழிச்சிருவேன்னு ஏஜெண்டு சொல்லிட்டான். பதினோரு வருஷத்துக் கார்டு. அது போனா பி.எஃப். போச்சு, எம்மவ நர்சிங்குக்கு வர்ற உதவித்தொகையும் போச்சு. எனக்கு அதிகமாத் தண்ணி வேண்டாம். மணிய மட்டும் சொல்லுங்க."

"எழுத்துபூர்வமாகப் பதில் அனுப்புகிறோம்" என்றேன்.

"எத்தன மணிக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெளியே பியூன் சிரித்தான். அவனுக்கு ஒரு குறிப்பாணை கொடுக்கலாம்.

ஏப்ரல் 28

மூன்றாம் தெரு சம்பந்தமான பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 2010இலிருந்து பதினேழு மனுக்கள். பதில்கள் எல்லாம் ஒரே வாசகம்: "தங்கள் பகுதி மேடான கடைமுனைப் பகுதி என்பதால்..." கடைசி ஆறு பதில்களில் கையெழுத்து என்னுடையது.

ஏப்ரல் 30. ஞாயிறு

முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கேட்டது மறுபடி நினைவுக்கு வந்தது. ஒன்றரை மணி நேரத் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போதும். போதவில்லை என்று பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. எப்போது என்று தெரியாததால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் பதினோராயிரம் இணைப்பு. பதினோராயிரம் பேர் ஐந்து நாளைக்கு ஒருமுறை குழாய் முன் காத்திருக்கிறார்கள். எம்.ஈ. படித்த எனக்கு அழுத்தம் தெரிகிறது, ஓட்டம் தெரிகிறது. இது தெரியவில்லை.

மனைவி சண்முகவடிவிடம் சொன்னேன். "நம்ம வீட்டுலயும் நான்தானே உக்காந்திருக்கேன். இத்தன வருஷமா உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

மாலையில் அலுவலகம் போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். புதிய தாளில் ஒரு வரி எழுதினேன். "சொன்ன மணிக்குத் தண்ணீர்."

மே 2

ஒன்பது பேரையும் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் முடித்தேன். இருபது பகுதிக்கும் மணி குறித்துத் தெருமுனையில் பலகை வைக்கிறோம். மணிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இந்த ஒரு வேலைதான்.

ஞானதிரவியம் சாவியை ஒரு சுற்று சுற்றினார். "மணி பிரச்சினை இல்ல சார். போன் பிரச்சினை. ஏழு மணிக்கு நான் தெப்பக்குளத் தெருவத் திறப்பேன். ஏழு பத்துக்குக் கவுன்சிலர் போன். கல்யாண மண்டபத்துக்குத் திருப்புன்னுவார். ஏழே காலுக்கு இன்னொருத்தர். யாருக்கு மணி?"

"இனி யார் கூப்பிட்டாலும் என்கிட்டச் சொல்லச் சொல்லுங்க."

"நீங்க எடுப்பீங்களா சார்?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. எடுப்பேன் என்றேன்.

மே 4

எடுத்தேன். பன்னிரண்டாம் வார்டு கவுன்சிலர் செந்தில்வேல், காலை ஆறு நாற்பது. "என்ன சார், ஊருக்கெல்லாம் டைம்டேபிள் போட்டு ரயில் விடுறீங்களாமே. எங்க மண்டபத்துல முகூர்த்தம்." மண்டபத்தின் மணி நாளை காலை ஏழு என்றேன். "பொறுப்பு எத்தன நாளைக்கு?" என்று கேட்டார். இருபத்தேழு நாள் மீதம் என்றேன். "எண்ணிக்கிட்டு இருங்க" என்றார்.

இருபது பகுதியில் இன்று நான்கு. நான்கிலும் சொன்ன மணிக்கு வந்தது.

மே 5

காலை ஆறேகால் மூன்றாம் தெருவின் மணி. ஆறேகாலுக்குப் போய் நின்றேன். முதல் தெருவில் தண்ணீர், இரண்டாம் தெருவில் தண்ணீர். மூன்றாம் தெருவில் குழாய்கள் காற்றை ஊதின. ஒன்பது மணிக்குத்தான் நூல்போல வந்தது. மாடத்தி குடத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பீடிக் கட்டு வாசலில் துணி மூடி இருந்தது. பத்து மணிக்குள் அவரால் போக முடியவில்லை. மூன்றில் ஒன்று போயிற்று.

மே 8

மற்ற பத்தொன்பது பகுதியிலும் ஒரு சுற்று முடிந்தது. இரண்டு இடத்தில் பத்து நிமிடப் பிசகு. பேருந்து நிலையக் கூரை வேலைக்கான ஒப்பந்தக் கோப்பு தேங்கிக் கிடக்கிறது. ஆணையர் கேட்டார். தாமதமாகும் என்றேன். அப்படிச் சொன்னது முதல்முறை.

வரதராஜுலு கோப்பைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது.

மே 10

மூன்றாம் தெருவுக்கு இன்றும் ஒன்பதுக்குத்தான் வந்தது. மூன்றில் இரண்டு போயிற்று.

இரண்டாம் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று முடிவுசெய்தேன். எங்கள் தொழிலில் கடைமுனைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்படுவது நடுத்தெருவை. பேச்சிமுத்து, "சார், அவ்வளவு மோட்டார் இருக்காது" என்றான். ஃபிட்டர் எனக்குப் பாடம் சொல்கிறான்.

மே 11

இரண்டாம் தெருவில் சோதனை. நான்கு மோட்டார் கிடைத்தது. பறிமுதல் செய்தோம். ஒரு பெண் எங்கள் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "மூணாம் தெருக்காரி எழுதிக் குடுத்தாளா? வரட்டும், ஒரு குடம் கேட்டு வரட்டும்!" என்று கத்தினார். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். மோட்டார்களை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 15. திங்கள்

மோட்டார் இல்லாமலும் ஆறேகாலுக்கு வரவில்லை. எட்டு ஐம்பது.

மாடத்தி இந்த முறை காத்திருக்கவில்லை. குடங்களைக் காலியாகவே வைத்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு பீடிக் கடைக்குப் போய்விட்டார். கார்டு தப்பித்தது. தண்ணீர் இல்லை. வழக்கமாக இரண்டாம் தெருவில் போய் எடுப்பாராம். இன்று அங்கே ஒரு வீட்டிலும் கொடுக்கவில்லை. காரணம் நான்.

நகராட்சி லாரியை அனுப்பினேன். அந்தத் தெருவில் அறுபத்திரண்டு வீடு. லாரி நாற்பதோடு தீர்ந்தது. அவர் வீடு ஐம்பத்தொன்று.

ஞானதிரவியம் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன். நான் பார்த்ததில்ல, கேட்டதுதான். அந்தக் கிளைக்குழாயில நடுவுல ஒரு வால்வு இருக்குன்னு செத்துப்போன சங்கரமூர்த்தி அண்ணாச்சி சொல்லியிருக்கார். வரைபடத்துல இல்ல. நாலு தடவ தார் போட்டுட்டான். எங்க இருக்குன்னு தெரியாது."

"இருந்தாலும் அது திறந்துதானே இருக்கும்?"

"திறந்திருந்தா தண்ணி போயிருக்குமே சார்."

அடுத்த முறை சனிக்கிழமை. அன்று மாடத்தி தண்ணீருக்காகக் காத்திருந்தால் கார்டு போகும், கட்டுக்குப் போனால் இன்னொரு ஐந்து நாள் குடம் காலி.

மே 16

பழைய வரைபடங்களைத் தேடினேன். கரையான். தெரு முழுக்கத் தோண்ட ஆணையர் அனுமதி தரமாட்டார். கேட்டேன், தரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனம் சரியில்லை. வரதராஜுலு கோப்பை எடுத்தேன். ஏதாவது ஒரு வேலையாவது முடியட்டும் என்றிருந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பதவி உயர்வுப் பட்டியல் வந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும். என் பழைய நாட்குறிப்புகள் பீரோவின் அடித்தட்டில் இருக்கின்றன. 1994இலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. 2009ஐ எடுத்தேன்.

மே 17

அலுவலகம் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

2009ஐ அப்படியே எடுத்தெழுதுகிறேன்.

"ஜூன் 11, வியாழன். நாளை மறுநாள் முதல் மூன்று நாள் கும்பாபிஷேகம். தேர்வீதிக்கு அழுத்தம் வேண்டும். பொட்டல் காலனியில் பஜனைமடம் முக்கு வால்வை (மூலைக்கல்லிலிருந்து நான்கு அடி) பன்னிரண்டு சுற்று மூடச் சங்கரமூர்த்தியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை திறக்கச் சொல்ல வேண்டும்."

"ஜூன் 15, திங்கள். பட்டியல் வந்துவிட்டது." இதற்குப் பிறகு ஆறு பக்கம். வரதராஜுலுவைப் பற்றி, தேர்வுக்குழுவைப் பற்றி, என் வகுப்புத் தோழர்களைப் பற்றி. பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

"ஜூன் 16, செவ்வாய். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நாற்பது நாள்."

விடுப்பிலிருந்தபடியே இடமாறுதல் கேட்டு வாங்கினேன். 2016 வரை இந்த ஊருக்கு வரவில்லை. வால்வு என்ற சொல் அதற்குப் பிறகு அந்த நாட்குறிப்பில் எங்கும் இல்லை. டிசம்பர் 31 வரை படித்துவிட்டேன்.

மே 18

காலை ஐந்தரைக்கு ஞானதிரவியத்தையும் பேச்சிமுத்துவையும் பஜனைமடம் முக்குக்கு வரச் சொன்னேன். ஓர் ஊகம் இருக்கிறது என்றேன். அனுமதி இல்லாமல் தாரை உடைத்தோம். மடத்தின் மூலைக்கல்லிலிருந்து நான்கு அடி. முக்கால் மணி நேரத்தில் இரும்பு மூடி தட்டுப்பட்டது.

"எப்படி சார் இவ்வளவு கரெக்டா?" என்றான் பேச்சிமுத்து.

"கணக்குப் போட்டேன்."

சாவியைப் போட்டால் அசையவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, இருவருமாகத் தொங்கினார்கள். மதியம்வரை ஆகியது. ஒவ்வொரு சுற்றையும் ஞானதிரவியம் வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டாவது சுற்றில் நின்றது.

"பன்னிரண்டு சுத்து. எந்தப் புண்ணியவான் மூடினானோ, வெளங்குவானா!"

பேச்சிமுத்து, "வரதராஜுலு சார்தான் அப்ப இருந்து இருக்கார். வேற யாரு?" என்றான்.

நான் மணி பார்த்தேன். ஒன்று பத்து.

மே 20. சனி

ஆறு பதினான்குக்கு மூன்றாம் தெருக் குழாய்கள் இருமின. ஆறு பதினாறுக்குத் தண்ணீர். கடைசி வீட்டிலும் அதே வேகம். ஐம்பத்தொன்றாம் எண் வீட்டில் மாடத்தி ஒன்பது குடம், ஒரு டிரம், இரண்டு அண்டா நிரப்பினார். ஏழே முக்காலுக்குக் கட்டை எடுத்து இடுப்பில் வைத்தார். தாண்டிப் போகும்போது, "ஆறேகால்னா ஆறேகால்தான் போலிருக்கு" என்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

தெரு முழுக்க ஒரே பேச்சு. பதினான்கு வருஷமாக இன்ஜினீயர் வரதராஜுலு மூடி வைத்திருந்தாராம், ஆவுடையப்பன் சார் கண்டுபிடித்துத் திறந்தாராம். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

மே 21. ஞாயிறு

ஆணையர் போனில் பாராட்டினார். தார் உடைத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. "வால்வு மூடியிருந்ததுக்கு யார் பொறுப்புன்னு ஒரு அறிக்கை குடுத்துடுங்க. நீங்க ஏற்கனவே ஏதோ கோப்பு வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அதையும் சேர்த்துக்கலாம்." நாற்பத்திரண்டாவது குற்றம் தானாக வந்து வாசலில் நிற்கிறது. நான் எதுவும் பொய் எழுத வேண்டாம். "அக்காலத்தில் பொறுப்பிலிருந்த அலுவலர்" என்று எழுதினால் போதும். ஜூன் 15இலிருந்து பொறுப்பிலிருந்தவர் அவர்தான்.

பதினோரு மணிக்கு வரதராஜுலுவே கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது.

"ஆவுடையப்பன், மூணாம் தெருவுக்குத் தண்ணி வந்துடுச்சாமே. கேட்டு சந்தோஷம். அந்த மனுவெல்லாம் என் மேசையிலதான் கிடந்தது. மேடு, மேடுன்னு நானும் எழுதிட்டேன். போய்ப் பார்த்திருக்கணும். எப்படி மூடிக் கிடந்ததுன்னே எனக்கு ஞாபகம் வரலை. நான்தான் மூடச் சொன்னேனா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சண்முகவடிவு மதியம் என்ன குழம்பு என்று இரண்டு முறை கேட்டிருக்கிறாள். காதில் விழவில்லை.

மே 22. திங்கள்

கூட்டம். ஒன்பது பேர். அறிக்கையை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஆணையரிடம் கொடுக்கும் முன் இவர்களிடம் படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பத்திதான்.

"2009 ஜூன் 11 அன்று பஜனைமடம் முக்கு வால்வை மூடச் சொன்னவன் நான். திறக்கச் சொல்லாமல் விடுப்பில் போனவனும் நான். அது எங்கே இருக்கிறது என்பது என் நாட்குறிப்பில் இருந்தது. பொறியாளர் வரதராஜுலுவுக்கு இதில் சம்பந்தம் இல்லை."

பேச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

ஞானதிரவியம், "இத ஏன் சார் எங்ககிட்டச் சொல்லுதீங்க? கேட்டது ஆணையர்லா" என்றார்.

"தெருவுல திட்டு வாங்கினது நீங்க."

"அது சரி. வெளங்குவானான்னு வேற கேட்டுட்டேன்."

"கேட்டது சரிதான்."

எழுந்துவிடலாம் என்று தாளை மடித்தேன். அப்போது பேச்சிமுத்து கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல.

"சார், நானும் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"பள்ளிவாசல் தெரு முக்குல ஒரு வால்வு. 2015ல திறக்கும்போது சாவி உள்ளயே முறிஞ்சிட்டு. பயந்துட்டேன். மேல கல்லப் போட்டு மண்ணத் தள்ளிட்டேன். பாதி திறந்தபடியே கிடக்கு."

ஞானதிரவியம் திரும்பி, "ஏல, அதான் அந்தத் தெருவுல தண்ணி போக ரெண்டு மணி நேரம் எடுக்கு! எட்டு வருஷமா நான் டேங்கக் குறை சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

இன்னொருவர், "பேசினதும் பேசியாச்சு" என்று ஆரம்பித்தார். அவர் பகுதியில் ஒரு வால்வைக் கவுன்சிலர் சொன்னார் என்று வெல்டிங் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றாமவர் தன் மாமனார் தெருவுக்கு இரண்டு சுற்று கூடுதலாகத் திறப்பதைச் சொன்னார். "மாப்ளக்கு மரியாதை" என்று யாரோ சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. ஊர் வரைபடத்தை மேசையில் விரித்தேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து பென்சிலால் குறி போட்டார்கள். ஒரு மணி வரை நடந்தது. என்னிடமிருந்த அதிகாரபூர்வ வரைபடத்தில் இருந்தவை அறுபத்து மூன்று வால்வு. இப்போது எழுபத்து நான்கு.

ஞானதிரவியம் கடைசியாக வந்தார். தேர்வீதிக்குப் பின்னால் ஒரு குறி போட்டார்.

"இது என்ன?"

"வால்வு சார். எனக்கு வேண்டியவங்க வீடு பக்கத்துல இருக்கு. இதுக்கு மேல கேக்காதீங்க. நாளையில இருந்து எல்லாருக்கும் எத்தன சுத்தோ அதுக்கும் அத்தன சுத்து."

கேட்கவில்லை.

மாலை அறிக்கையை ஆணையரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இது உங்க மேலேயே நடவடிக்கைக்கு வழி செய்யும். தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். "அந்தக் கோப்பு?" அதை அனுப்பவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். நேரமில்லை என்றேன்.

மே 23

மோட்டார் பறிகொடுத்த நான்கு வீட்டுக்கும் போனேன். மோட்டார் வைத்தது தவறு, ஆனால் மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் போகாததற்கு அவர்கள் காரணம் இல்லை, யாரும் அவர்கள்மேல் எழுதிக் கொடுக்கவும் இல்லை என்றேன். பிறகு மாடத்தி வீடு. வாசலில் சுளகை மடியில் வைத்து இலை நறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கத்தரிக்கோல் நின்றது.

"பதினாலு வருஷம் சார். எங்க மாமியா இடுப்பு போனது ரெண்டாம் தெருவுல இருந்து குடம் தூக்கித்தான். செத்தும் போய்ட்டா."

"தெரியாது."

"எப்படித் தெரியும்?"

மறுபடி நறுக்க ஆரம்பித்தார். நான் இன்னும் சற்று நேரம் வெயிலில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மே 25

மூன்றாம் தெரு, ஆறு பதினைந்து.

மே 29

குற்றக் குறிப்பாணை வந்தது. கடமையில் கவனக்குறைவு. பதினைந்து நாளில் விளக்கம். இரண்டு சம்பள உயர்வு நிற்கலாம், இனிப் பதவி உயர்வுக்கு வாய்ப்பில்லை என்று தலைமை எழுத்தர் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் இருந்த அனுதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். எழுதிக் கொடுக்கப் பெரிய விளக்கம் எதுவும் இல்லை.

பேருந்து நிலையக் கூரை, தெருவிளக்கு, வாய்க்கால் எதுவும் நடக்கவில்லை. முதலில் எழுதிய பட்டியல் இன்று சுவரில் இருந்திருந்தால் ஒன்றைத் தவிர எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அந்த ஒன்றும் முடியவில்லை. எழுபத்து நான்கில் ஒன்பதை இன்னும் தோண்டவில்லை.

மே 31. புதன்

வரதராஜுலு வந்தார். பத்து கிலோ குறைந்திருக்கிறார். படியேற மூன்று இடத்தில் நின்றார். பொறுப்பு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டோம். என் நாற்காலியைப் பியூன் தூக்கிக்கொண்டு போனான்.

"உங்க அறிக்கையைப் படிச்சேன்" என்றார். "என் பேர்லயே விட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தான். வீட்டுக்குப் போறவனை என்ன செய்யப் போறாங்க?"

"உங்க பேர்ல வேற நாற்பத்தொன்று இருக்கு. அதையே அனுப்பலை."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். மார்பைப் பிடித்துக்கொண்டார், தையல் இழுக்கிறதாம். பிறகு சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கத் தயாராகவும் இருந்தேன்.

"இதைத் தொடரணும்னா காலையில போன் யார் எடுப்பா? செந்தில்வேல் நேத்தே எனக்குப் போன் பண்ணிட்டார்."

"என்கிட்டத் திருப்பிவிடுங்க."

"பொறுப்பு இல்லையே உங்களுக்கு."

"போன் எடுக்கப் பொறுப்பு வேண்டாம்."

வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பென்சில் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத்தனை வருஷம் இங்க இருந்தேன். இதுல பாதி எனக்குத் தெரியாது. நாளைக்கு எது?"

"பள்ளிவாசல் தெரு. முறிஞ்ச சாவியை எடுக்கிறோம். காலை ஆறு மணி."

"நானும் வரேன். குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சும்மா நிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினான்கு வருஷமாக அவர் வருகிற இடத்துக்குப் போவதைக் கூடியவரை தவிர்த்தவன் நான்.

ஐந்து ஐம்பதுக்கு வந்தால் நல்லது, யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.